சீதா தேவி என்றொரு டக்கோட்டா

இலக்கியம் பேச ஒதுக்கிய நேரத்தில் ஓர் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு விமானத்தோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. இரத்த உறவு என்று சொல்ல முடியாவிட்டாலும் பத்திர உறவு என்று சொல்லலாம்.

பதுளையில் நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்தேன். எங்கள் வானத்தில் மேகம்தான் அதிகம். விமானம் என்ற ஒன்றை நாங்கள் கண்டதைவிடக் கேட்டதே கூடுதல். கேட்டதும் ஒருவர் வாயால்தான். எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி ஐம்பதுகளில் ஒரு கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் வழியாகத் திருச்சிக்கு விமானத்தில் போய் வந்தவர். அந்தக் கதையை அவர் பிரட்டுக்களத்தில் சொல்லாத மாதமே கிடையாது. "ஏறி உள்ள போனா அங்கயும் மேடுதாண்டா. மலை ஏறுற மாதிரி ஏறித்தான் சீட்டுக்குப் போகணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கங்காணி அளக்கிறார் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அவர் அளக்கவில்லை என்பது பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்தது. இரத்மலானையில் இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகத்தில் ஒரு டக்கோட்டா நிற்கிறது. முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலின் கீழே ஒரு சின்னச் சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது மூக்கை உயர்த்தி, வாலைத் தாழ்த்தி, சாய்ந்துதான் நிற்கும். கதவோ பின்பக்கத்தில். ஏறுகிறவர் மேடேறித்தான் ஆசனத்துக்குப் போக வேண்டும். கங்காணியாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இந்த விமானத்தின் பூர்வீகம் அமெரிக்கா. டக்ளஸ் கம்பனியின் டி.சி. 3 என்ற பயணிகள் விமானம் 1935 டிசம்பர் 17ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. உலகப் போர் வந்ததும் அதே விமானத்துக்கு இராணுவ உடுப்புப் போட்டார்கள். அடித்தளத்தைப் பலப்படுத்தி, சாமான்களைக் கட்ட வளையங்கள் வைத்து, இடது பக்கத்தில் ஜீப் வண்டியையே ஏற்றக்கூடிய அகன்ற கதவு வைத்தார்கள். மெத்தை ஆசனங்களுக்குப் பதிலாகச் சுவரோரமாக நீள வாங்குகள். இருபத்தெட்டுப் படைவீரர்கள் எதிரும் புதிருமாகக் குந்தியிருப்பார்கள். அமெரிக்கர் அதை சி. 47 என்றார்கள். டக்கோட்டா என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். பத்தாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். 1944இல் இம்பாலில் முற்றுகையிடப்பட்ட படைகளுக்குச் சோறு போட்டவை இவைபோன்ற விமானங்கள்தான். அந்தப் போரை நடத்திய மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் அதே ஆண்டில் கண்டிக்கு வந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான டக்கோட்டாக்கள் வேலையற்று நின்றன. விலையோ மலிவு. உலகெங்கும் புதிதாகத் தோன்றிய விமானக் கம்பனிகள் அவற்றை வாங்கின. நீள வாங்குகளைக் கழற்றிவிட்டு ஆசனம் வைத்து, பச்சை நிறத்தைச் சுரண்டிவிட்டு, புதிய பெயர் எழுதினார்கள். நமது ஏர் சிலோன் நிறுவனமும் அப்படித்தான் மூன்று டக்கோட்டாக்களோடு தொடங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதல் பயணம். மூன்றுக்கும் பெண் பெயர்கள்: சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி.

சீதா தேவி! ஊவாக்காரனுக்கு இந்தப் பெயர் சும்மா போகாது. எல்லவில் இராவணன் குகை இருக்கிறது, அருவி இருக்கிறது. சீதையை அங்கே மறைத்து வைத்தான் என்று எங்கள் பாட்டிமார் சொல்லுவார்கள். இராமாயணத்தில் வரும் புஷ்பக விமானத்தின் கதையையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அது முதலில் குபேரனுடையது. இராவணன் தம்பியாய்ப் பிறந்தும் தமையனிடமிருந்து பறித்துக்கொண்டான். போர் முடிந்த பிறகு சீதையையும் இராமனையும் அயோத்திக்கு ஏற்றிச் சென்றது அதே விமானந்தான். கை மாறி, கொடி மாறி, கடைசியில் வீடு திரும்புகிறவர்களைச் சுமந்த விமானம். டக்கோட்டாவின் கதையும் வேறென்ன?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு விமானத்துக்கும் குடியுரிமை உண்டு. கவிதைக்காகச் சொல்லவில்லை. 1944இல் சிக்காகோவில் செய்துகொண்ட சர்வதேச உடன்படிக்கையிலேயே, எந்த நாட்டில் பதியப்பட்டதோ அந்த நாட்டின் தேசியத்தை விமானம் பெறும் என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து, அந்நியப் படையில் உழைத்து, வேறு கொடியின் கீழ் பறந்த ஒன்று, ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டதும் இலங்கையின் விமானமாகிவிடுகிறது. அதற்கு என்ன சாட்சி கேட்பார்கள்? அதன் குறிப்புப் புத்தகத்தைத்தான். எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எல்லாம் அதில் இருக்கும். இயந்திரங்களுக்குத் தனிப் புத்தகம். பிறந்த தொழிற்சாலையின் இலக்கமும் மாறாமல் கூடவே வரும்.

எங்கள் அப்பாவுக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. தோட்டத்துச் செக்ரோல். எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை நாள் அரைப் பேர், எல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். ஏர் சிலோன் பறக்கத் தொடங்கிய அதே 1947இல் இந்த நாட்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தவர் அவர். இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தேர்தல் அது. மறு வருடம், 1948 நவம்பர் 15இல், குடியுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதோடு அப்பா எந்த நாட்டவரும் அல்லாமல் போனார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார். பதில் வந்தது. வதிவிடத்துக்கு ஆதாரம் போதாதாம். அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்ல அவர் கணக்கப்பிள்ளையிடம்தான் போக வேண்டியிருந்தது.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். எங்கள் அத்தையின் குடும்பம் முதல் கணக்கில் விழுந்தது. எழுபதுகளின் முற்பகுதியில் பதுளை ரயில் நிலையத்தில் அவர்களை வழியனுப்பினோம். அத்தைக்குக் கங்காணியின் கதை மறக்கவில்லை. "ஏரோப்பிளேன்லயா ராசா கூட்டிட்டுப் போவாங்க?" என்று என்னிடம் கேட்டார். "இல்லை அத்தை, கப்பல்" என்றேன். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகு நீலகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. "இங்கேயும் தேயிலைதான், குளிரும் அதேதான், ஆனா எங்களைச் சிலோன்காரங்கன்னு சொல்றாங்க" என்று இருந்தது.

ஹாலி-எலவுக்கு அருகே ஊவாக்கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப் தமது கதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் கடிதம்தான் ஞாபகத்துக்கு வரும். எந்த நாடு என்ற கேள்விக்கு மலையகத்தில் ஒரே வீட்டில் இரண்டு விடை இருந்த காலம் அது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2003இல் வந்த சட்டத்தோடு இங்கே எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர்ந்தது. ஏர் சிலோன் 1970களின் இறுதியோடு மூடப்பட்டது. தலைமன்னார்க் கப்பலும் 1984இல் நின்றது. அப்பா 2003ஐக் காண இருக்கவில்லை.

இரத்மலானையில் அந்த டக்கோட்டாவின் அருகே நின்றபோது என் பேத்தி, "தாத்தா, இது எந்த நாட்டு ஏரோப்பிளேன்?" என்று கேட்டாள். "நம்ம நாட்டுது" என்றேன். "நம்ம நாட்டிலயா செஞ்சாங்க?" என்றாள். "இல்லை. வெளியிலிருந்து வந்தது. இங்கே உழைச்சது. அதனால நம்மளுது" என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அப்பாவுடைய கடிதம் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.