மெய் பேணும் கல்வி



ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இராமாநுசர் பிறந்த திருத்தலம் என்பதே நம் முன்னோர்க்கு நினைவில் எழும். இன்றோ, அங்கிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளும் உடன் நினைவுக்கு வருகின்றன. கைப்பேசி இணைக்கும் நுண்பணியில் ஆயிரக்கணக்கான இளமகளிர் அங்கே ஈடுபட்டிருக்கின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பெற்ற விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடமுண்டு. கல்லூரியை விட்டு நேரே வேலைக்கு வந்து, தாயையும் தமக்கையையும் பிரிந்து வாழும் பெண், தன் உடலைப் பற்றி ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பாள்?

இது வீண் கேள்வி அன்று. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த ஏறத்தாழ நூறு பெண்களை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர் விசாரித்தனர். மாதவிடாய் வலிக்காகப் பெயர் குறிக்கப்படாத மாத்திரைகள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட செய்தி அப்போது வெளிவந்தது. தொழில் வேறாயினும் படிப்பினை எல்லார்க்கும் ஒன்றே.

வலி எதனால் உண்டாகிறது? கருப்பையின் உட்படலத்தில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள், கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்கிறது. இபுபுரூபன் போன்ற மருந்துகள் அச்சுரப்பைக் குறைத்து வலியைத் தணிக்கும். ஆயினும் அவற்றை உணவுக்குப் பின்னரே உட்கொள்ளல் வேண்டும். வயிற்றுப்புண் உடையோர்க்கு அவை ஆகா. ஆகவே, பெயரறியாத மாத்திரையை விழுங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதற்கு ஒப்பாகும்.

மாணவியரே, மாதவிடாய் தொடங்கும் நாளைக் குறித்து வாருங்கள். ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை 21 முதல் 35 நாள் ஆவது பொதுவாக இயல்பு. இரவுப் பணியால் சிலர்க்கு இக்கணக்குப் பிறழ்வதுண்டு. மூன்று மாதம் வராதிருப்பினும், உதிரப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிப்பினும் மருத்துவரைக் காணுங்கள். மிகுந்த போக்கு இரத்தசோகையை வளர்க்கும். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அந்நோய் காணப்பட்டது.

நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தரும் கல்லூரிகள், பெண் மருத்துவர் ஒருவரையும் அழைத்து இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். மாதவிடாய், கருத்தரித்தல், கருத்தடை ஆகியவற்றைப் பற்றி மாணவியர் கூச்சமின்றி வினவட்டும். “இம்மாத்திரையின் பெயர் என்ன?” என்று கேட்கத் தெரிந்த பெண்ணை ஏமாற்றுதல் எளிதன்று. அவ்வொரு கேள்வியைக் கற்றுத் தராத பட்டம் குறையுடைய பட்டமே.