வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்குகள்

தமிழ்நாட்டு வயல்களிலும் ஏரிகளிலும் தென்படும் வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. காலையும் அலகையும் பார்த்தாலே பெரும்பாலும் அடையாளம் சொல்லிவிடலாம். அலகும் காலும் கறுத்து, விரல்கள் மட்டும் மஞ்சள் பூசியதுபோல் இருந்தால் அது சின்னக் கொக்கு. ஆழமில்லாத நீரில் ஒரு காலால் சேற்றைக் கிளறும். கலங்கி ஓடும் மீன்குஞ்சையும் இறாலையும் சட்டென்று கொத்தும். பெரிய கொக்குக்கு இந்தப் பரபரப்பு இல்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள அது, நீண்ட கழுத்தை வளைத்து, மீன் நெருங்கும்வரை அசையாமல் காத்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட உருவத்தில் நடுத்தரக் கொக்கும் உண்டு.

உண்ணிக்கொக்குக்குத் தண்ணீர் அவ்வளவு முக்கியமில்லை. மேயும் மாட்டின் பின்னாலும், இப்போது உழும் டிராக்டரின் பின்னாலும் நடந்து, கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும். இனப்பெருக்கக் காலத்தில் இதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் கொள்ளும்.

சேற்றிலேயே திரிந்தும் வெள்ளை மங்காததற்குக் காரணம் இருக்கிறது. மார்பிலுள்ள சில இறகுகள் மாவுபோல் உதிரும். அந்த மாவைப் பூசி, நடுவிரல் நகத்திலுள்ள சீப்புப் பற்களால் கொக்கு இறகைச் சீவிக்கொள்கிறது.

பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும்; நாரை நீட்டிக்கொள்ளும். வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் இரண்டையும் ஒரே ஏரியில் பார்க்கலாம்.