புகையை விடுவோர்க்குத் துணை மருந்துகள்

(கழக இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே நமக்குப் பழக்கம். ஆயினும் செயலாளர் இம்முறை பீடியையும் சிகரெட்டையும் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளார். 'புகைக்காதே' என்னும் அறிவுரை உங்களுக்குப் புதிதன்று. கூட்டம் கலைந்ததும் வேப்ப மரத்தடியில் தீப்பெட்டி உரசும் ஓசை கேட்பதும் நமக்குப் புதிதன்று. அங்கே நிற்பவர்களுள் பலர் விட முயன்றவர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தாங்கமாட்டாமல் மீண்டும் பற்றவைத்தவர்கள். அவர்களை மனவுறுதி அற்றவர்கள் என்று ஊர் சொல்கிறது. பகலெல்லாம் வெயிலில் கொத்து வேலை செய்து, இரவில் இக்கழகத்தின் விளக்கடியில் படித்துத் தேர்வெழுதியவனுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? அச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் இருபது நொடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அது நின்றவுடன் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, படபடப்பு எல்லாம் வந்து சேர்கின்றன. ஆனால் புற்றுநோயையும் நெஞ்சு நோயையும் தருவது பெரும்பாலும் புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுகளுமே. நிகோட்டினை மட்டும் சிறிதளவு கொடுத்து, புகையை நிறுத்தி, பின்னர் நிகோட்டினையும் படிப்படியாகக் குறைப்பதே இம்மருத்துவத்தின் அடிப்படை.

இதன் பிறப்பு சுவையானது. புகைக்க இயலாத நீர்மூழ்கிக் கப்பலில் மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் கிளாஸ் லுண்ட்கிரென் கண்டார். 1967-இல் அதனை ஓவே ஃபெர்னோ என்னும் மருந்தியல் அறிஞருக்கு எழுதினார். அதிலிருந்து உருவானதே நிகோட்டின் சூயிங்கம். 2009-இல் உலகச் சுகாதார நிறுவனமும், 2022-இல் நம் நாட்டு அரசும் இவ்வகை மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தன.

எதைத் தேர்வது? முதலில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடியைப் பற்றவைக்கிறோம்? அரை மணிக்குள் என்றால் பிடி வலியது. கம்மில் 4 மி.கி. வேண்டும். அதற்குப் பிந்தி என்றால் 2 மி.கி. போதும். எந்த அளவாயினும் மருத்துவரைக் கேட்டு வாங்குவதே நலம்.

நம்மிடம் படித்த ஓர் இளைஞர், இன்று கட்டட வேலை செய்பவர், ஓர் அட்டை கம் வாங்கினார். சிறுவர் மிட்டாய்க் கம்மை மெல்லுவது போல் விடாமல் மென்றார். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தன. "இது நமக்கு ஒத்துவராது, சார்" என்று எறிந்துவிட்டார். மருந்தில் பிழையில்லை, மெல்லும் முறையை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. மெதுவாக மென்று, மிளகுக் காரம் போல் நாவில் தட்டியதும் நிறுத்தி, வெற்றிலையை ஒதுக்குவது போல் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். ஒரு துண்டு அரை மணி வரை வரும். நிகோட்டின் வாயின் தோல் வழியாகவே உடலில் சேர வேண்டும். உமிழ்நீரோடு விழுங்கினால் வயிற்றைத்தான் வருத்தும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, தேநீர், சோடா எதுவும் கூடாது. தேநீர்க் கடை வாசலில் நின்று கம் மெல்லுவோர் இதனைக் குறித்துக்கொள்க.

பொய்ப்பல் கட்டியவர்க்கும் தாடை வலி உள்ளவர்க்கும் கம் ஆகாது. அவர்கள் வாயில் கரைய விடும் லோசெஞ்ச் மாத்திரையை நாடலாம். அதனைக் கடிக்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது.

தோலில் ஒட்டும் பட்டையைக் கடைக்காரர் பேட்ச் என்பார். நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் சிகரெட்டு புகைப்பவர்க்கு 21 மி.கி. பட்டையில் தொடங்கி, ஆறு வாரம் கழித்து 14, பிறகு 7 என இறங்குவது வழக்கம். தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். கெட்ட கனவு வந்தால் இரவில் எடுத்துவிடலாம். நாள் முழுதும் ஒரே சீராக நிகோட்டின் தருவது இதன் சிறப்பு. திடீரென எழும் ஆவலுக்கு உடனே விடை தராதது இதன் குறை. மேலும் மண்வெட்டி பிடித்து வியர்வை வழிய உழைப்பவர் உடலில் அது உரிந்துவிடவும் கூடும். ஆகவே அலுவலக வேலையினருக்குப் பட்டையையும், உழைப்பாளிக்குக் கம்மையும் முதலில் சொல்லுவோம். பிடி மிக வலியதாயின் பட்டையையும் கம்மையும் சேர்த்துக் கொள்வது ஒன்றை மட்டும் கொள்வதைவிட மிகுந்த பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவர் துணையோடு அதனைச் செய்யலாம்.

வேப் என்னும் மின்சிகரெட்டு 2019 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். கள்ளத்தனமாக வருவதில் எழுதியுள்ள அளவை நம்புவதற்கில்லை. அதற்கு அடிமைப்பட்ட இளைஞரும் முன்சொன்ன காலைக் கேள்வியைக் கொண்டே தம் நிலையை ஓரளவு அறிந்து, மருத்துவரிடம் அதனைச் சொல்லட்டும்.

"கம்முக்கே அடிமையாகிவிட மாட்டோமா?" என்று கேட்கிறீர்கள். அரிதாகச் சிலர்க்கு நேர்வதுண்டு. பெரும்பாலோர் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. இரண்டாம் வாரமே நலமாகிவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணிக்கு ஒரு துண்டு, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் இன்னும் இடைவெளி விட்டு என்று பன்னிரண்டு வாரம் ஆகும். இடையில் ஒரு பீடி தவறி விழுந்தாலும் மருந்தை எறிந்துவிட வேண்டா, மறுவேளை தொடருங்கள்.

பீடிக்கட்டின் விலையோடு ஒப்பிட்டால் கம்மின் விலை கூலிக்காரருக்கு உறைக்கும். ஆகவே கடைக்குப் போகுமுன் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கருவுற்ற தாய்மார், பதினெட்டு வயது நிரம்பாதவர், அண்மையில் மாரடைப்பு கண்டவர் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. சிகரெட்டு அட்டையிலேயே அச்சிட்டுள்ள 1800 11 2356 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். எண்ணைக் கழக அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைத்துள்ளோம்.