சம வேலைக்குச் சம கூலி

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், மே முதல் நாள் மாலை நடைபெற்ற தொழிலாளர் தினக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டில் இதனை ஏற்படுத்தினார். இந்நாளில் உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசுவது வழக்கம். உழைப்பு மேன்மையானது என்று சொல்லிவிட்டு, அதற்குரிய கூலியைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது முறையாகாது. ஆகவே கூலியைப் பற்றியும், அந்தக் கூலிக்காக வழக்குமன்றத்தில் நிற்கின்ற வழக்கறிஞர் பணியைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

பொன்னேரியிலிருந்தும் கவரப்பேட்டையிலிருந்தும் ரயிலிலும் வேனிலும் நம் பெண்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். "பெண்ணுக்கு இவ்வளவுதான்" என்ற பேச்சு நம் ஊர்களில் வயல் வேலைக் காலத்திலேயே இருந்தது. ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. வயலை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தோம். வரும்போது அந்தப் பேச்சையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டோம். நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்டக்காரர், கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தார். நம்மிடையேயோ, முழு நாள் உழைத்தவளுக்கே முழுக் கூலி கிடைப்பது கடினமாயிருக்கிறது!

சட்டம் இல்லாமலா இந்த நிலை? இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் 39ஆம் பிரிவில் ஒரு நெறியாக இருக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பின் சம ஊதிய உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. இப்போது அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊதியத்தில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டலாகாது என்ற விதி அதிலும் உண்டு. ஆனால் புத்தகத்தில் இருக்கும் சட்டம் தானாக எழுந்து நடந்து வராது. யாராவது ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நீதிபதியின் முன் நிற்க வேண்டும்.

அப்படி நின்றவர்களுள் ஒருவர் ஆட்ரி டி'கோஸ்டா என்ற சுருக்கெழுத்தர். பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் பணியாற்றியவர். ஆண் சுருக்கெழுத்தருக்கு ஒரு சம்பளம், தமக்குக் குறைந்த சம்பளம் என்று முறையிட்டார். கம்பெனி மூன்று காரணங்களைச் சொன்னது. பெண்கள் செய்வது வேறு வகை வேலை என்றது; சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துதான் சம்பளம் நிர்ணயித்தோம் என்றது; கூடுதலாகக் கொடுக்க எங்களிடம் பணமில்லை என்றது. 1987 மார்ச் 26 அன்று உச்சநீதிமன்றம் மூன்றையும் தள்ளிவிட்டது. அவருக்குச் சேர வேண்டிய நிலுவை எவ்வளவு தெரியுமா? ரூ. 7,196.67. எட்டு மாதத்துக்கும் குறைவான காலத்தின் பாக்கி அது. கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஏழாயிரம் ரூபாய்த் தீர்ப்பு நாட்டிலுள்ள உழைக்கும் பெண்கள் அனைவருக்கும் வழி திறந்தது.

சங்கத்தில் பொறுப்பிலிருக்கும் சகோதரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்த அந்த ஒப்பந்தத்தில் சங்கமும் கையெழுத்திட்டிருந்தது. அநீதி முதலாளியின் பேனாவிலிருந்து மட்டும் வருவதில்லை!

"எங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் கான்டிராக்டர், கம்பெனி அல்ல" என்று சிலர் சொல்வீர்கள். 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுக்காக அரங்குகள் கட்டியபோதும் இதே நிலைதான். ஒரு நாள் கூலி ரூ. 9.25. ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரிகள் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டார்கள். பெண்களின் கைக்கு வந்ததோ ஏழு ரூபாய்தான் என்று உச்சநீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றார். வேலையைக் கான்டிராக்டரிடம் விட்டதால் தலைமை அமர்த்துநரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்றும் சொன்னார்.

இத்தகைய வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர் எப்படி உருவாகிறார்? நம் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருவரங்கத்தில் பிறந்த கே. சந்துரு, மாணவர் தலைவராக இருந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் உதயகுமாரின் மரணத்தை விசாரித்த ஆணையத்தின் முன் மாணவர்களுக்காக வாதாடினார். அதைக் கண்ட நீதிபதி, "நீ சட்டம் படி" என்ற கருத்தில் அறிவுரை கூறினார். நெருக்கடி நிலையில் மக்களின் உரிமைகள் பறிபோன 1976ஆம் ஆண்டில், சம ஊதியச் சட்டம் வந்த அதே ஆண்டில், அவர் முழுநேர வழக்கறிஞரானார். 1993இல் போலீஸ் காவலில் காணாமற்போன இராஜாக்கண்ணு என்ற ஏழையின் மனைவி அவரிடம் வந்தார். அவ்வழக்கை அவர் உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். கடைசியில் குற்றம் புரிந்த காவலர்கள் தண்டனை பெற்றார்கள். "ஜெய் பீம்" திரைப்படத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள். அப்படம் காட்டிய இருளர் மக்கள் நம் மாவட்டத்திலும் நம் அண்டை வீட்டாரே. 2006இல் நீதிபதியானவர், 2013இல் ஓய்வு பெற்ற அன்று மின்சார ரயில் ஏறி வீடு திரும்பினார்.

தாய்மார்களே, உங்களுக்கு மூன்று காரியங்கள் சொல்கிறேன். சம்பளச் சீட்டையும் வருகை அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். வழக்குமன்றம் கண்ணீரை அல்ல, காகிதத்தைத்தான் முதலில் கேட்கும். அடுத்து, ஒருத்தியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். மூன்றாவதாக, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. திருவள்ளூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பெற்றோர்களே, நம் பங்கு எஞ்சினீயர்களைத் தந்திருக்கிறது, நர்சுகளைத் தந்திருக்கிறது, அருட்சகோதரிகளையும் தந்திருக்கிறது. ஏழையின் கூலிக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞரையும் தர வேண்டாமா? "பெண்பிள்ளைக்கு எதற்குச் சட்டப் படிப்பு?" என்று கேட்கும் தகப்பன்மாரே, குறைந்த கூலி வாங்கும் பெண்ணின் கஷ்டம் இன்னொரு பெண்ணுக்கு எளிதில் புரியும். அவளைப் படிக்க வையுங்கள். அதற்கு ஆகும் செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பங்குப் பேரவை கூடிப் பேசட்டும். பொன்விழாவின் நினைவாக ஒரு கல்வெட்டு வைப்பதைவிட இது நெடுநாள் நிற்கும்.

தச்சுப் பட்டறையில் வியர்வை சிந்திய புனித சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக. உங்கள் அனைவரின் உழைப்பையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.