சந்தா கட்டியவரின் குரல்



ஆலைத் தொழிலாளியாக வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவாக, அவருடைய பிள்ளைகள் தங்கள் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அமைத்த அறக்கட்டளை இது. இந்த மேடையில் சமவுடைமை, முதலாளியம், மக்கள் நல்வாழ்வு என்ற மூன்றையும் சேர்த்துப் பேசச் சொன்னபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். நம் ஊரில் இதைப் பட்டிமன்றமாக்கி, ஓர் அணிக்கு ரஷ்யாவையும் மறு அணிக்கு அமெரிக்காவையும் கொடுத்துவிடுவார்கள். நான் அணி பிரித்துப் பேசப் போவதில்லை. நோய்வாய்ப்பட்ட தொழிலாளிக்கு மருந்தும் மருத்துவரும் எந்த ஊரில், யார் பணத்தில், யார் கேட்டுக் கிடைத்தன என்ற வரலாற்றைச் சொல்கிறேன். அதைப் படிக்கப் படிக்க என்னிடம் உறுதிப்பட்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை அரசுடையதா தனியாருடையதா என்ற கேள்வி முக்கியமானது. ஆனால் அதை நம்பி வாழ்பவர்கள் சங்கமாகக் கூடி அதனிடம் கணக்குக் கேட்க முடிகிறதா என்ற கேள்வி அதைவிட முக்கியமானது. அந்த உரிமை இல்லாத இடங்களில் இரண்டு கொள்கைகளுமே தொழிலாளியைக் கைவிட்டிருக்கின்றன.

டிரெடேகர்

தெற்கு வேல்ஸில் டிரெடேகர் என்று ஒரு சிற்றூர். இரும்பும் நிலக்கரியும்தான் அதன் பிழைப்பு. சுரங்கத்தில் கால் நசுங்கும், கண் போகும், நுரையீரலில் தூசி படியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஊர்த் தொழிலாளர்கள் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கூலியில் ஒரு பவுனுக்கு மூன்று பென்னி சந்தா. அன்றைய பவுனுக்கு 240 பென்னி. ஆக, வருமானத்தில் எண்பதில் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் சங்கமே மருத்துவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. மருந்து, பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, செவிலியர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மனைவி மக்களுக்கும் அதே மருத்துவர்தான்.

இந்தக் கடைசிச் செய்தியின் அருமை, 1911இல் பிரிட்டன் அரசு கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்தை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்கும். அதில் வாரந்தோறும் ஆண் தொழிலாளி நான்கு பென்னியும் முதலாளி மூன்றும் அரசு இரண்டும் செலுத்தினார்கள். தொழிலாளிக்கு மருத்துவர் கிடைத்தார். வேலைக்குப் போகாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் உடல் தேறாத தாய்மார்கள் செலவுக்கு அஞ்சி வைத்தியரிடம் போகாமலே இருந்தார்கள். சட்டம் எழுதியவர்களின் கண்ணில் படாத அந்தப் பெண்கள், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கண்ணில் பட்டார்கள். அவர்கள் அந்த உறுப்பினர்களின் வீட்டுப் பெண்கள்தானே!

அந்தச் சங்கம் குறையற்றதாக இருக்கவில்லை. 1920களில் அங்கே மருத்துவராக இருந்தவர் ஏ. ஜே. கிரோனின். 1937இல் வெளிவந்த அவருடைய 'த சிட்டடெல்' நாவலில், இப்படி ஒரு சங்கத்தின் குழுவோடு மருத்துவருக்கு ஏற்படும் உரசல்களும் இடம்பெறுகின்றன. படித்த மருத்துவரிடம் சுரங்கத் தொழிலாளி கேள்வி கேட்டால் உரசல் வரத்தான் செய்யும். அந்த உரசலை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இதே ஊரில் 1897இல் பிறந்தவர் அனைரின் பெவன். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கியவர், சங்கத்தில் வளர்ந்தவர், ஊர் மருத்துவமனைக் குழுவில் பணியாற்றியவர். 1925இல் அவருடைய தந்தை நிலக்கரித் தூசியால் வந்த நுரையீரல் நோயில் இறந்தார். அந்த நோய் அன்று இழப்பீடு தரும் தொழில்நோய்களின் பட்டியலில் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1945இல், பெவன் நாட்டின் சுகாதார அமைச்சரானார். தேசிய மருத்துவ சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. வரிப்பணத்தில் நடப்பது, சிகிச்சை பெறும் இடத்தில் காசு கேட்காதது, வேலை இருக்கிறதா, சந்தா கட்டினாரா என்று பார்க்காதது. டிரெடேகருக்குக் கிடைத்ததை நாட்டுக்கே தருவதுதான் பெவனின் நோக்கம்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தார்கள். பெவன் விட்டுக்கொடுத்தார். பெரிய மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர்கள் தனியார் நோயாளிகளையும் வைத்துக்கொள்ளலாம். குடும்ப மருத்துவர்கள் அரசின் சம்பள ஊழியர்களாக வேண்டியதில்லை, தங்களிடம் பதிந்த தலைக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொள்ளலாம். சமவுடைமைத் திட்டங்களில் பெரும்புகழ் பெற்ற ஒன்று, இப்படிச் சந்தையோடு பேரம் பேசித்தான் பிறந்தது. பெவன் எதை விட்டுக்கொடுத்தார், எதில் அசையாமல் நின்றார் என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். மருத்துவரின் வருமானத்தில் விட்டுக்கொடுத்தவர், நோயாளி காசு தரக்கூடாது என்பதில் அசையவில்லை. 1951இல் கொரியப் போரை ஒட்டிய படைச்செலவுக்காகப் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தபோது அமைச்சர் பதவியையே துறந்தார்.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சேவை தேசியமானதும் டிரெடேகர் சங்கத்தின் பணி முடிந்துபோனது. மருத்துவமனைகளை நடத்தும் வாரியங்களுக்கு அமைச்சர் ஆட்களை நியமித்தார். மருத்துவரை நேரில் கேள்வி கேட்ட சுரங்கத் தொழிலாளி, அன்று முதல் பயனாளி ஆனார். அந்த மாற்றம் தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன். ஏழை ஊர்ச் சங்கம் ஏழைச் சங்கமாகவே இருந்திருக்கும், நாட்டின் பொதுவரிதான் அதைச் சரிசெய்ய முடியும். ஆனாலும் அந்தக் குழுவின் நாற்காலி காலியானது ஓர் இழப்புதான்.

இரண்டு தொழில்நகரங்கள்

அந்த நாற்காலி முற்றிலும் பறிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் போலந்து காட்டியது. 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் 21 கோரிக்கைகளை மரப்பலகையில் எழுதி வாயிலில் வைத்தார்கள். முதல் கோரிக்கை, கட்சியையும் நிர்வாகத்தையும் சாராத சுதந்திரமான தொழிற்சங்கம். பதினாறாவது கோரிக்கை, தொழிலாளர்களுக்கு முழுமையான மருத்துவம் கிடைக்கும்படி மருத்துவ சேவையை மேம்படுத்த வேண்டும் என்பது. மழலையர் காப்பகம், மகப்பேறு விடுப்பு, ஓய்வு வயது எல்லாம் அதே பலகையில் இருந்தன. எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைகள் அரசுடைமையான, தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் ஆளப்பட்ட நாடு அது. சங்கம் இருந்தது, ஆனால் அது நிர்வாகத்தின் அறைக்குள் இருந்தது. சமவுடைமையை நேசிப்பவன் என்ற முறையில் இந்தப் பலகையை நான் வேதனையோடு படிக்கிறேன். அந்த வேதனையை மறைத்துக்கொண்டு சமவுடைமைக்காகப் பேசுவது நேர்மையாகாது.

அட்லாண்டிக்குக்கு அக்கரையில் கதை வேறு திசையில் போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 முதல், அமெரிக்க அரசு கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கூலியைக் கூட்ட முடியாத முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்து ஆள் பிடித்தார்கள். போருக்குப் பின் அதிபர் ட்ரூமன் நாடு தழுவிய காப்பீட்டுக்கு முயன்றார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதைச் சோசலிச மருத்துவம் என்று முத்திரை குத்திப் பெரும் பிரசாரம் நடத்தி முறியடித்தது. நாட்டுக்கு வராததைத் தம் உறுப்பினர்களுக்காவது பெறலாம் என்று வாகனத் தொழிலாளர் சங்கம் நிறுவனங்களோடு பேரம் பேசியது. 1950இல் ஜெனரல் மோட்டார்ஸோடு செய்த ஐந்தாண்டு ஒப்பந்தம் அதன் உச்சம். அந்தச் சங்கத்தின் தலைவர் வால்டர் ரூதர் கடைசிவரை எல்லாருக்குமான காப்பீட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். என்றாலும், வலுவான சங்கம் தன் உறுப்பினரைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டது. வேலிக்கு வெளியே சிறு கடை ஊழியரும் பண்ணைக் கூலிகளும் நின்றார்கள். முதியோருக்கும் பரம ஏழைகளுக்கும் 1965இல்தான் அரசுத் திட்டம் வந்தது. பின்னாளில் தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது வேலையோடு மருத்துவமும் போயிற்று. நோய்வாய்ப்பட்டால் வேலை போகும், வேலை போனால் மருத்துவம் போகும் என்ற இந்தச் சுழல், வாகன ஆலைகளின் ஊரான டெட்ராய்ட்டின் குடும்பங்களை எப்படி வாட்டியிருக்கும்!

சந்தையை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் செவிமடுக்க வேண்டும். போட்டி இருந்தால் தரம் உயரும், இலவசமென்றால் வீணாகும் என்பது அவர்கள் வாதம். கைபேசிக்கும் துணிமணிக்கும் பெரும்பாலும் அது பொருந்தும். மருத்துவத்தில் வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்பதையே விற்பவர்தான் சொல்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர் நான்கு மருத்துவமனைகளில் விலை விசாரிக்க முடியாது. இதை 1963இல் விரிவாக எடுத்துக்காட்டிய கென்னத் ஆரோ, முதன்மைநீரோட்டப் பொருளியலின் பேரறிஞர். சுதந்திரச் சந்தையின் பெரும் வழக்கறிஞரான ஹாயெக்கும், 1944இல் எழுதிய நூலில், நோய், விபத்து போன்ற இடர்களுக்கு அரசு சமூகக் காப்பீட்டுக்கு உதவுவதை ஏற்றுக்கொண்டார். பட்டிமன்றங்களில் இந்த ஒப்புதல்கள் காதில் விழுவதில்லை.

பெரம்பூரும் அதன் பிறகும்

இனி நம் ஊர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி. பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவரானார். நடுப்பகல் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதுதான் தொடக்கக் குறைகளில் ஒன்று. உண்ணும் சோறு செரிக்க நேரம் கேட்பதும் உடல்நலக் கோரிக்கைதான். நிர்வாகம் வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடும் என்ற அச்சம் நாடெங்கும் பரவி, என். எம். ஜோஷியின் முயற்சியால் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அதே ஆலைகளின் 1921 வேலைநிறுத்தத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் நீண்ட போராட்டத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடர் தலைவரான எம். சி. ராஜா, திரும்பியவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் என்று ஏசியவர்கள், ஒருநாள் கூலியும் இல்லாமல் வாழ வழியற்றவர்களுக்குச் சங்கம் என்ன செய்தது, சங்கத் தலைமையில் அவர்களுக்கு எந்த இடம் இருந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை. வேலி கட்டும் பிழை டெட்ராய்ட்டுக்கு முன்பே பெரம்பூரில் நடந்தது. இங்கே அந்த வேலி சாதியாக இருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், பி. பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் வழிவந்தது. 1948இல் நிறைவேறியது, பெவனின் சேவை தொடங்கிய அதே ஆண்டு. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1955இல் கோவைக்கு வந்தது. இ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்து நம் ஆலைக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய நிழல் என்று இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் சேர்கின்றன. குடும்பத்துக்கே மருத்துவம், நோய்விடுப்பில் 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு, மகப்பேறு விடுப்புக்கு 26 வாரம் சம்பளம். தனியார் ஆலையின் கூலிப்பட்டியலிலிருந்து பொது மருத்துவமனைக்குப் பணம் போகிறது. இதை முதலாளியம் என்பதா, சமவுடைமை என்பதா? இரண்டையும் பேரத்துக்கு உட்கார வைத்த ஏற்பாடு இது.

ஆனால் வலி இருக்கிறது. 2017இல் வைத்த 21,000 ரூபாய் சம்பள வரம்பைத் தாண்டினால் அட்டை போய்விடும். போராடி வாங்கிய கூலி உயர்வே மருத்துவத்தைப் பறிக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் விடும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அட்டையைக் கொண்டுபோய் நீட்டும்போதுதான் தொழிலாளிக்கு அது தெரியவருகிறது. இ.எஸ்.ஐ. கழகத்தின் உயர்மட்டத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படி இடம் உண்டு. மருந்தகத்தின் வரிசையில் நிற்பவர் அவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்ல முடியுமா? மருந்து இருப்பு, மருத்துவர் வருகை, நிலுவைச் சந்தா ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை உறுப்பினர்கள் முன் வைக்கும் குழு ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் வேண்டும். டிரெடேகரில் சுரங்கத் தொழிலாளர்கள் செய்ததை நாம் செய்யமுடியாதா?

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அவர்களுக்காகத் தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. பின்னர் நல வாரியங்கள் வந்தன. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு அறுவை சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கு அது கைகொடுக்காது. அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையமும், 1995 முதல் மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகமும்தான் துணை. காப்பீட்டுக்குப் போகும் ஒரு ரூபாய்கூட இந்த இரண்டின் பங்கிலிருந்து எடுக்கப்படக்கூடாது என்று சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். கூலி, போனஸ், படி என்று நிற்கும் அந்தப் பட்டியலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமும் இடம்பெற வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியலை முன்வைக்க முதலில் சங்கம் வேண்டும். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. வாடியா மீதான வழக்குக்கு ஒரு நூற்றாண்டு கழிந்தும், சங்கம் வைக்கும் உரிமைக்கே இவ்வளவு காலம்.

உணவு கொண்டுவரும் இளைஞருக்கு வாயிற்கூட்டம் நடத்த ஆலை வாசலே கிடையாது. அவரைப் போன்ற இணையவழித் தொழிலாளர்களுக்காக 2023இல் தமிழ்நாடு அரசு ஒரு நல வாரியத்தை அமைத்திருக்கிறது. அதற்கு வரும் பணத்தை ஒவ்வொரு ஆர்டரிலும் நிறுவனத்திடம் பிடிக்க வேண்டும்; ராஜஸ்தான் 2023இல் அதற்குச் சட்டமே இயற்றியது. வாரியத்தில் அமரும் தொழிலாளர் பிரதிநிதியை அரசு நியமிக்கக் கூடாது, வண்டி ஓட்டுபவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் இந்த இரண்டு கோரிக்கைகளையும் இந்த ஆண்டே கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.