எழுத்து உடையாமல் எழுதுவோம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பள்ளியில் படித்த நான் இன்று ஜொகூர் பாருவில் கணினியில் படம் வரைந்தும் எழுத்து அமைத்தும் பிழைக்கிறேன். சுவரொட்டி, பதாகை, அழைப்பிதழ், கைப்பேசியில் ஓடும் சிறு காணொளி, இவைதாம் என் தொழில். என் அம்மாவைக் கேட்டால், "அவன் கம்ப்யூட்டர்ல பூப் போடுற வேலை பார்க்கிறான்" என்பார்கள். அதுவும் சரிதான்!

என் பெருமையைப் பேச நான் இங்கு வரவில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பதாகை செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. நல்ல சிவப்பு, நல்ல மஞ்சள், நடுவில் கோபுரப் படம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பதாகையும் கட்டியாயிற்று. மாலையில் என் அப்பா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் பால் மரம் வெட்டியவர். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது என்னப்பா எழுத்து? எனக்குத்தான் கண்ணு தெரியலையா?"

அவர் கண்ணில் கோளாறில்லை. "கோயில்" என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நின்றது. லகரத்தின் புள்ளி தலைமேல் உட்காராமல் பக்கத்தில் விழுந்து கிடந்தது. மலாயும் ஆங்கிலமும் அதே பதாகையில் ஒழுங்காக இருந்தன. அப்பாவால் படிக்க முடிந்த ஒரே மொழிதான் உடைந்திருந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

அன்பர்களே, அந்த எழுத்து ஏன் உடைந்தது? பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு என்னும் பொதுமுறை 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கும் இடம் தந்தது. ஆனால் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் அதில் தனி எண் கிடையாது. "கோ" என்று நாம் தட்டினால் கணினி தன் நினைவில் ககரத்தையும், அதை அடுத்து ஓகாரக் குறியையும்தான் வைத்துக்கொள்கிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து நிறுத்துவது, எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில், அல்லது தெரிந்தும் அந்த அமைப்பை நாம் முடுக்கிவிடாத மென்பொருளில், குறிகள் தாறுமாறாக நிற்கும். அடோபி போட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கும் ஏற்ற ஓர் அமைப்பு அப்போது இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு அன்று தெரியாது. கருவியின் மீது பழி போட்டுப் பயனில்லை.

பால் வெட்டிய பெரியவர்களுக்கு இது புரியும். கத்தி எல்லாரிடமும் ஒரே கத்திதான். மேலாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம். எவ்வளவு ஆழம் என்பது கத்திக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். கணினியும் அப்படியே.

தமிழ் எழுத்துக்கும் கருவிக்கும் இடையே நடந்த இந்தப் போராட்டம் புதிதல்ல. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்தில் அச்சானது. பதினாறே பக்கமுள்ள சிறு நூல் அது. அதற்காக ஒவ்வோர் எழுத்தையும் உலோகத்தில் வார்க்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வட்டாரத்துக்குப் பிழைக்க வந்த ஆர். முத்தையா என்பவர், ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் நம் எழுத்துகளை எப்படி அடக்குவது என்று சிந்தித்தார். சில விசைகளைத் தட்டினால் குறி மட்டும் பதியும், தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதனோடு சேர்ந்துகொள்ளும். இந்த நகரா விசைகளைக் கொண்டு அவர் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். புதிய எழுத்தை அவர் படைக்கவில்லை. இருக்கிற எழுத்தைப் புதிய கருவிக்குள் சிதையாமல் கொண்டுபோனார்.

அடுத்து வருவது நம் நாட்டுப் பெருமை. கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டில் இந்த மலேசியாவிலிருந்தே "முரசு" மென்பொருளைத் தொடங்கினார். அதுவே பின்னர் "முரசு அஞ்சல்" ஆயிற்று. 2005-இல் அவருடைய "செல்லினம்" கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. அவர் வடிவமைத்த "இணைமதி" என்னும் எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. உலகின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள் திரையில் படிக்கும் எழுத்தை மலேசியத் தமிழர் ஒருவர் வரைந்திருக்கிறார். தமிழ் இணைய மாநாடு 2001-இலும் 2013-இலும் கோலாலம்பூரில் கூடியது. ஆகவே, "இதெல்லாம் நமக்கு எட்டுமா?" என்று எவரும் கேட்க வேண்டாம். நம்மவர் ஒருவர் அதை எட்டிப் பிடித்திருக்கிறார்!

சரி, நம் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குவது? காசு கொடுத்து வாங்காத கருவிகளே போதும். கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப் இருக்கிறது. அதில் வரைந்த படத்தைச் சட்டையில் குத்தும் சின்னமாகவும் அச்சிடலாம், திடல் அளவு பதாகையாகவும் அச்சிடலாம், கோடு மங்காது. புகைப்படத்தைத் திருத்த கிம்ப், தூரிகை ஓவியத்துக்குக் கிரிட்டா. முக்தா மலர், பாலூ தம்பி, நோட்டோ முதலிய தமிழ் எழுத்துருக்களை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். அதில் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் தெரிந்தால் 247-ஐயும் எழுதிவிடலாம். முதல் வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே கணக்குதான்.

சொன்னதைப் படமாக வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இன்று வந்துவிட்டன. அவற்றைத் தொடாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவை வரையும் படத்தில் தமிழ் எழுத்து சில நேரம் எழுத்துபோலத் தோன்றும் வெறும் கிறுக்கலாக இருக்கும். படத்தை அது தரட்டும். எழுத்தை நீ எழுது.

இனி கருத்துக்கு வருவோம். கருவியை இறக்கிக்கொள்ளலாம், கருத்தை எங்கிருந்து இறக்குவது? வாசலைப் பாருங்கள். அம்மா முதலில் புள்ளி வைக்கிறார். பிறகுதான் கோடு இழுக்கிறார். புள்ளிகளுக்கு இடையே சம இடைவெளி. திரையில் கட்டம் போட்டுக்கொண்டு படத்தையும் எழுத்தையும் நிறுத்தும் வடிவமைப்பாளர் செய்வதும் அதுவே. கோலம் போடத் தெரிந்த பிள்ளை பாதி வடிவமைப்பாளர்!

இந்த விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். தாத்தா பாட்டியை உட்காரவைத்து, காலைப் பிரட்டு, லயத்து வாழ்க்கை, ஆயாக் கொட்டகை, சம்பள நாள் பற்றிக் கேளுங்கள். அவர்கள் குரலைக் கைப்பேசியில் பதியுங்கள். வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுத்து அந்தக் குரலோடு சேர்த்து மூன்று நிமிடக் காணொளி ஆக்குங்கள். பால் மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் ஜொகூரில் பல. வீடுகள் இடிந்து, மக்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட தோட்டங்களும் உண்டு. அந்தக் கதை அவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. இன்று பதியாவிட்டால் நாளை கேட்க ஆளிருக்காது.

சுவரொட்டி செய்யும்போது நான்கு வழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். என்ன, எப்போது, எங்கே என்ற மூன்றும் முதல் பார்வையில் தெரிய வேண்டும். இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம். பிறர் வரைந்த படத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அதற்கு நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உண்டு. நான்காவதுதான் முக்கியம்: அச்சுக்குப் போகுமுன், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் தவறு நம்முடையது.

பெற்றோர்களே, "பிள்ளை எந்நேரமும் போனை நோண்டுது" என்று நீங்கள் வருத்தப்படுவது எனக்குத் தெரியும். வருத்தம் நியாயமானதே. ஆனால், போனைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை வேறு, அதைக்கொண்டு ஒன்றைச் செய்யும் பிள்ளை வேறு. "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேட்காமல், "இன்னைக்கு என்ன செஞ்சே, காட்டு" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பதாகையை நான் திருத்தி மறுபடியும் அச்சடித்தேன். செலவை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அப்பா மீண்டும் கீழே நின்று, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "இப்பத்தான் கோயில் கோயிலா இருக்கு" என்றார். நான் பெற்ற பரிசுகளில் அதற்கு ஈடு இல்லை. இன்று மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகளும் வாங்காத பிள்ளைகளும் நாளை அப்படியொரு சொல்லை வாங்க வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.