அச்சில் தெரியாத ரவிவர்மா



நெல்லிக்குப்பம் கடைவீதியில் பல கடைகளில் கல்லாவுக்கு மேலே ஒரு லட்சுமி படம் மாட்டியிருக்கும். தாமரைமேல் நிற்கிற லட்சுமி. பக்கத்தில் தும்பிக்கையில் மாலையேந்திய யானை. பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூஜையில் வைக்கிற படத்தில் பாறைமேல் அமர்ந்து வீணை மீட்டுகிறாள் கலைமகள், அருகே மயில். இந்த முகங்களுக்கும் சேலைக்கட்டுக்கும் முன்மாதிரி தந்தவர் ராஜா ரவிவர்மா. 1848இல் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்து 1906இல் மறைந்தவர். தமிழ் வீடுகளுக்குள் அவர் நூறாண்டுக்கு மேலாகக் குடியிருக்கிறார். ஆனால் நாம் பார்த்ததெல்லாம் அச்சு. அவர் கைப்படத் தீட்டிய அசலை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

பார்க்க இப்போது நல்ல வசதி வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் பெயராலேயே ஓர் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து விழுப்புரம் போய் இரவு ரயிலைப் பிடித்தால் மறுநாள் திருவனந்தபுரம் சேர்ந்துவிடலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.

வளாகத்துக்குள் நுழைந்ததும் நேப்பியர் மியூசியத்தின் செந்நிறக் கட்டடம் கண்ணில் படும். 1880இல் எழுந்த அதை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்து நிற்கிற சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகையும் அவர் வடிவமைத்ததுதான். அதே வளாகத்தில் 1935இல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்தில், வேறு பல ஓவியர்களின் படைப்புகளோடுதான் ரவிவர்மாவின் படங்கள் இத்தனை காலமும் இருந்தன. இப்போது தனிக் கட்டடம் கிடைத்திருக்கிறது.

தனிக் கட்டடத்தால் என்ன லாபம்? பலருடைய படங்கள் கலந்து தொங்குகிற கூடத்தில் ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒருவருடைய படங்களே அடுத்தடுத்து வரும்போது, இளமையில் தடுமாறிய கை எந்த வயதில் தேறியது, எந்தப் பாவனை திரும்பத் திரும்ப வருகிறது என்பதெல்லாம் புலப்படும். குஸ்தாவ் மொரோ என்ற பிரெஞ்சு ஓவியர் பாரிஸில் தம் வீட்டையும் படைப்புகளையும் நாட்டுக்கே எழுதிவைத்தார். அது 1903இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. வான்கோவுக்கு ஆம்ஸ்டர்டாமில் 1973இல் அப்படி ஓர் இடம் அமைந்தது. அவர் தம்பியின் மனைவி பத்திரமாகக் காத்து வைத்த படங்களே அதற்கு ஆதாரம்.

ரவிவர்மாவின் கதையில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான பங்கு உண்டு. அவருக்கு முதலில் வரையக் கற்றுத் தந்தவர் தாய்மாமன் ராஜராஜவர்மா. அந்த மாமன் பாடம் கேட்டதோ மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த அழகிரி நாயுடுவிடம். 1862இல், பதினான்கு வயதில், ரவிவர்மா திருவனந்தபுரம் வந்து ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார். எண்ணெய் வண்ணம் அப்போது இந்த மண்ணுக்குப் புதிது. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு அந்த வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவினார் என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தாம் தீட்டுவதை அருகிலிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்துப் பார்த்தே இளைஞர் கற்றுக்கொண்டார்.

அவர் புகழ் வெளியுலகுக்குப் போன முதல் வாசல் சென்னை. 1870களின் தொடக்கத்தில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1873இல் வியன்னாவிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் போயின.

திருவனந்தபுரத்துத் தொகுப்பில் அதிகம் பேசப்படுவது 1898இல் தீட்டிய சகுந்தலை. காலில் முள் தைத்தது போலப் பாவனை செய்து, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவன் படத்திலேயே இல்லை. அவள் கண் போகிற திசையை வைத்து நாமே அவனை உணர்ந்துகொள்ள வேண்டும். 1899இல் வந்தது அன்னத்தோடு நிற்கும் தமயந்தி. படத்துக்கு மிக அருகில் போனால் ஜரிகைக் கரை வெறும் மஞ்சள் தீற்றல்களாக உதிர்ந்துவிடும். நாலடி பின்னால் வந்தால் மறுபடி பட்டாக மினுங்கும். காலண்டரில் இந்த வித்தை முழுக்க மறைந்துபோகிறது.

தேவியரையும் ராணிகளையும் மட்டுமே தீட்டியவர் என்று அவரை நினைப்பவர்கள், 1893இல் வரைந்த தென்னிந்திய நாடோடிக் குடும்பத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தரையில் தந்தி வாத்தியத்தோடு ஒரு தாய். அவளை ஒட்டிக் குழந்தைகள். நகை, பட்டு எதுவுமில்லை. அந்த முகத்துக் களைப்பை அவர் மெனக்கெட்டுத் தீட்டியிருக்கிறார்.

அவர் தனி ஆளாக உழைக்கவுமில்லை. தம்பி ராஜராஜவர்மா கடைசிவரை கூடவே பயணம் செய்து, கூடவே தீட்டி, நாட்குறிப்பும் எழுதியவர். தங்கை மங்களா பாய் அண்ணனின் உருவப்படத்தையே எழுதியவர். பெண்கள் தூரிகை பிடிப்பது அரிதாயிருந்த காலம் அது.

அசலிலிருந்து நம் சுவருக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். படங்களை அச்சிட்டுப் பரப்பும்படி தூண்டியவர் திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த, கும்பகோணத்தில் பிறந்த டி.மாதவ ராவ். 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. ஜெர்மன் வல்லுநர்கள் வந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுக் கல்; ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, கடைசியில் வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம் போலவே பளபளக்கும். கோயிலுக்குள் நுழையவே அனுமதிக்கப்படாதவர்களின் வீட்டுக்கும் அந்தத் தாள் வழியே தெய்வம் வந்தது. இதைவிடப் பெரிய சாதனை அவர் கணக்கில் இல்லை என்றே சொல்லலாம். தொழில் மட்டும் கடனில் சிக்கியது. அச்சகத்தை ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்க நேர்ந்தது.

அவர் காட்டிய பாணி பிறகு நம் பக்கமும் தழைத்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் காலண்டர்களாகத் தமிழகமெங்கும் போய்ச் சேர்ந்தன. ரவிவர்மாவின் முறை நாடகமேடைத்தனம், ஐரோப்பியப் பாணி என்று கலை விமர்சகர் ஆனந்த குமாரசுவாமி போன்றோர் கடுமையாகக் குறை சொன்னதும் உண்டு. அந்தக் குறை எவ்வளவு சரி என்று தீர்மானிக்கவும் அசல்களை வரிசையாகப் பார்ப்பதுதான் வழி. 1979இல் அவருடைய படைப்புகள் நாட்டின் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டதால், அவற்றை வெளிநாட்டுக்கு விற்றுவிட முடியாது. பார்க்க வருகிறவர்களுக்காக இங்கேயே இருக்கும்.

திருவனந்தபுரம் உடனே முடியாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். அங்கும் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் உள்ளன. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியர்கள், வீட்டிலிருக்கும் காலண்டர் படம் ஒன்றையும் கையோடு எடுத்துப் போகலாம். அசலையும் அச்சையும் ஒப்பிட்டு, எந்த நிறம் மாறியிருக்கிறது, எந்த நிழல் காணாமல் போயிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்து எழுதட்டும்.